இருபத்திரண்டாம் வளைவில் இறங்கியவர்

ஏனுங்கண்ணா, இப்ப ஒரு சத்தம் கேட்டுதுங்களா? மேல. மேலயிருந்து, ஹாரன் மாதிரி. இல்லீங்களா? மரம் அறுக்கற சத்தமுங்களா? சரி. சரிங்க. எனக்கு இப்ப எல்லாச் சத்தமும் பஸ்ஸு சத்தமாவே கேக்குது. 

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்தக் கல்லு மேல என்ற ஃபோன் இருக்குது. அந்த ஒரு கல்லு மேல வச்சாத்தான் ஒரு கோடாவது டவர் வருமுன்னு டீக்கடை அம்மா சொல்லுச்சு. உங்க பலாப்பழம் உருண்டு அது மேல பட்டுறப் போவுது. நீங்களும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிக்கிறீங்களா? இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமுங்களா? ஐயோ, முக்கா மணி நேரமா.

நான் ஏன் மேல ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கறேன்னுதானே கேக்கறீங்க. பாருங்க, பாதி டீயை வேட்டியிலயே ஊத்திக்கிட்டேன். சித்த முன்னால மேல போச்சே ஒரு பச்சை பஸ்ஸு, அதுல என்ற வீட்டுக்காரி இருக்கறாளுங்க. நான் இறங்கிட்டேன். அவ இறங்கல. இது இருபத்திரெண்டாவது வளைவு, அதோ போர்டு போட்டிருக்குது. கொல்லிமலைக்கு மொத்தம் எழுபது. இன்னும் நாப்பத்தெட்டு வளைவு பாக்கி இருக்குது. அந்த டிரைவர் குடிச்சிருக்கறான்.

மெதுவாவே பேசலாம். கடை அம்மாவுக்குக் கேக்க வேண்டாம்.

சத்தியமாக் குடிச்சிருக்கறானுங்க. வாடை வந்துச்சு. இந்த மூக்குல வந்துச்சு. சும்மா லேசா இல்லீங்க, குப்புன்னு வந்துச்சு.

அப்ப வண்டியை நிறுத்தச் சொல்லிருக்க வேண்டியதுதானேங்கறீங்க. கேப்பீங்க, யாரா இருந்தாலும் கேப்பாங்க. அதுக்கு நான் யாருன்னு மொதல்ல சொல்லணும்.

நான் வக்கீலுங்க. நாமக்கல்லுல அர்த்தநாரி வக்கீல்னு கேளுங்க, லாரி ஆபீஸ், லாரிக்குப் பாடி கட்டற பட்டறை, பெட்ரோல் பங்கு, எங்க கேட்டாலும் கை காட்டுவாங்க. டிரைவர் வக்கீல்னுதான் எனக்குப் பேரு. இருபத்தெட்டு வருஷம். இடிச்சது, ஏத்துனது, குடிச்சுட்டு ஓட்டுனது, அத்தனையும் என்கிட்டத்தான் வரும். என்கிட்ட வந்தும் ஜெயிலுக்குள்ள போனவனை விரல் விட்டு எண்ணிரலாம். பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைதான், இருக்கட்டுமே.

தப்பா நினைக்காதீங்க. டிரைவருன்னா ஊருக்கே இளக்காரம். ஒரு கோழி அடிபட்டாலும் மொதல்ல அவனைத்தான் இழுத்துப் போட்டு உதைக்கறாங்க. ரோட்டுல குழி, லைட்டு எரியாது, முதலாளி தூங்க விடமாட்டான், பிரேக்கை மாத்தித் தர மாட்டான். அத்தனைக்கும் சேத்து வழக்கு அவன் ஒருத்தன் மேல. அவனுக்குன்னு பேச ஒரு ஆளு வேண்டாமுங்களா? நான் பேசுனேன். அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லீங்க.

ஆனா எனக்கு ஒரு வழக்கம் உண்டுங்க. எந்த டிரைவர் வந்து உக்காந்தாலும், "குடிச்சிருந்தியா?"ன்னு மட்டும் கேக்கவே மாட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தனைக் கூடக் கேட்டதில்லை. அவனே ஆரம்பிப்பான், "சார், உள்ளதைச் சொல்லிடறேன்"னு. "இருய்யா, உள்ளதை யாரு கேட்டா, எஃப்.ஐ.ஆரைக் குடு"ம்பேன். கேட்டா பதில் வந்துரும். பதில் காதுல விழுந்துட்டா அப்புறம் கோர்ட்டுல எந்த மூஞ்சியோட நிக்கறது? தெரியாத வரைக்கும் நான் பொய் சொல்றவன் இல்லை. புரியுதுங்களா?

மாதேசனையும் நான் கேக்கல. மாதேசன்தான் இந்த பச்சை பஸ்ஸு டிரைவர்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன் வேற ஒரு முதலாளிகிட்ட கீழ ஓட்டிக்கிட்டிருந்தான். ஒரு புதன்கிழமை, பட்டப்பகல், சேந்தமங்கலம் ரோட்டுல ஒரு மொபெட்டுக்காரன் மேல பஸ்ஸை ஏத்திட்டான். பெரியண்ணன்னு முட்டை யாவாரி. பின்னாடி முட்டை அட்டை அடுக்கிக் கட்டிக்கிட்டு கடை கடையாப் போட்டுட்டு வர்ற ஆளு. அங்கயே முடிஞ்சு போச்சு. ரோடெல்லாம் மஞ்சக்கருவுன்னு போட்டோவுல பாத்தேன். போலீஸு மாதேசனைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டரம்மா சர்டிபிகேட்டு எழுதிட்டாங்க: மூச்சில் சாராய நெடி, கண் சிவப்பு, நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம். அஜாக்கிரதையா ஓட்டி மரணம், அதுக்கு மேல குடிச்சுட்டு ஓட்டுனதுன்னு ரெண்டு பிரிவு. ஆனா ரத்தம் எடுக்க மறந்துட்டாங்க பாருங்க. அங்கதான் நான் உள்ள பூந்தேன்.

"டாக்டர், இருமல் டானிக்குல ஆல்கஹால் உண்டா?" "உண்டு." "கண் சிவப்பு தூக்கமில்லாட்டி வருமா?" "வரலாம்." "வாயில வெத்தலை பாக்கு இருந்தா நாக்குக் குழறுமா?" "குழறலாம்." "கண்ணு முன்னால ஒரு சாவைப் பாத்தவனுக்கு கால் தள்ளாடுமா, தள்ளாடாதா?" அந்தம்மா என்னையே பாத்தாங்க. "தள்ளாடலாம்"னாங்க. நாலும் போச்சு. எதுத்தாப்புல பழக்கடைக்காரரு ஒருத்தர் பாத்த சாட்சி. அவரை எத்தனை அடி தூரம், கண்ணாடி போடுவீங்களா, காது ரெண்டும் சரியாக் கேக்குமான்னு கேட்டேன். கடைசியில அவருக்கே தான் அங்க இருந்தமான்னு சந்தேகம் வந்துருச்சு.

அப்புறம் பெரியண்ணன் சம்சாரம், சின்னப்பொண்ணுன்னு பேரு. முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டுக் கூண்டுல நின்னுச்சு. "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?"ன்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கொஞ்சம் குடிப்பாருங்க"ன்னுச்சு. வெகுளி. "வேற கேள்வி இல்லை"ன்னு உக்காந்துட்டேன். அடுத்த கேள்வி கேட்டிருந்தா, அன்னிக்குப் புதன்கிழமைங்கன்னு சொல்லியிருக்கும். எங்க நிறுத்தணும்னு தெரியறதுதானுங்க தொழிலு. அரசு வக்கீல் அதைத் தெளிவுபடுத்தியிருக்கலாம், அவரு கடியாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தாரு. பெரியண்ணன் குடிகாரன், பாரத்தை வேற ஏத்திக்கிட்டு, நிலை தடுமாறி பஸ்ஸுல வந்து விழுந்துட்டான்னு வாதத்தை முடிச்சேன். சந்தேகத்தின் பலன் மாதேசனுக்கு. விடுதலை. முடக்கி வச்சிருந்த லைசென்ஸையும் நான்தான் வாங்கிக் குடுத்தேன்.

அன்னிக்கு வீட்டுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிட்டுப் போனேன். தெய்வானை, என்ற வீட்டுக்காரி, "அந்த ஆளு குடிச்சிருந்தானுங்களா?"ன்னு கேட்டா. "ஒரு சொட்டு இல்லை, பாவம்"னேன். நானே நம்பித்தான் சொன்னேன். பேசிப் பேசி எனக்கே நம்பிக்கை வந்துருமுங்க.

மேல வண்டி ஏதாச்சும் இறங்கி வருதா பாருங்க. ஜீப்பா? அந்த ஜீப்புக்காரன்கிட்டக் கேக்கலாமா... போயிட்டான். அவன் மூஞ்சி சாதாரணமாத்தான் இருந்துச்சு, இல்லீங்களா? ஏதாச்சும் ஆகியிருந்தா நிறுத்திச் சொல்லியிருப்பான். சொல்லாமயும் போவாங்க. சில பேரு சொல்லாம போயிருவாங்க.

இன்னிக்கு மத்தியானம் சேந்தமங்கலத்துல ஏறுனோம். மேல ஈஸ்வரன் கோயிலுக்கு அவளுக்கு ஒரு வேண்டுதல், மூணு வருஷமாத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். கார் பட்டறையில கிடக்குது. இருந்தாலும் நான் ஓட்ட மாட்டேன். நான் படிக்கற கேஸுக் கட்டைப் படிச்சா நீங்களும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டீங்க. சரி, பஸ்ஸுலயே போலாம்னு ஏறுனா, டிரைவர் சீட்டுல மாதேசன். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிடறான். "சார்! எங்க குலசாமி வந்துருச்சு!"ங்கறான். முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரை எந்திரிக்க வச்சு எங்களை உக்கார வச்சான். பஸ்ஸு முழுக்கக் கேக்கற மாதிரி, "இவரு மட்டும் இல்லீன்னா நான் இன்னிக்குச் சேலம் ஜெயில்ல களி தின்னுட்டிருப்பேன்"னு சொல்றான். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சுங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

காரவள்ளி அடிவாரத்துல பத்து நிமிஷம் நின்னுச்சு. மாதேசன் இறங்கி கடைக்குப் பின்னால போனான். வரும்போது வாயைத் துண்டுல தொடைச்சுக்கிட்டே வந்தான். ஏறி உக்காந்து, திரும்பி, "சார் டீ சாப்டீங்களா?"ன்னான். அப்பத்தான் வாடை வந்துச்சு. 

சீச்சீ, இருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். இருமல் டானிக்கா இருக்கும்னு நினைச்சேன். சிரிக்காதீங்கண்ணா. நிசமாவே அப்படித்தான் நினைச்சேன். கண்ணாடியில அவன் கண்ணைப் பாத்தேன், சிவந்திருந்துச்சு. தூக்கம் பத்தலையோ என்னமோன்னு தோணுது. பேசறான், நாக்குத் தடிக்குது. வெத்தலை போட்டிருப்பான்னு தோணுது. நான் எதை எதைப் பாக்கறேனோ, அதுக்கெல்லாம் பதில் என்ற வாயிலிருந்தே வருதுங்க. குடிக்கலைன்னு நிரூபிக்க எனக்கு நூறு வழி தெரியும். குடிச்சிருக்கான்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு வழி கூடத் தெரியல.

மொத வளைவுலயே ஒத்தைக் கையில திருப்பறான். மூணாவது வளைவுல பின்னால திரும்பி என்கிட்டப் பேசறான். "ரோட்டைப் பாருப்பா"ன்னேன். "சார் வண்டியில இருக்கும்போது எனக்கென்னங்க பயம்?"ங்கறான்.  பன்னெண்டாவது வளைவுல ஒரு லாரி இறங்குது, இவன் ஹாரனே அடிக்கல. ஒரு விரக்கடையில தப்பிச்சோம். கண்ணாடிக்கு வெளியில மண்ணே தெரியல, வெறும் ஆகாசம்தான் தெரியுது. பின்னால யாரோ ஒரு அம்மா "முருகா"ன்னு கத்துச்சு. மாதேசன் சிரிக்கறான்.

நான் மெதுவாக் கண்டக்டரைக் கூப்பிட்டேன். "தம்பி, டிரைவர் மேல வாடை வருது"ன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "சார், அது இருமல் டானிக்குங்க. ஆல்கஹால் இருக்கத்தான் செய்யும், உங்களுக்குத் தெரியாததா?"ங்கறான். கண்ணு சிவந்திருக்குதேன்னேன். "தூக்கமில்லைங்க சார்." அப்படியே வெத்தலை வரைக்கும் சொல்றான், வரிசை கூட மாறல. மாதேசன் அந்தக் கேஸைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடமே ஆயிருக்குது. சொல்லிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. நக்கலா, மரியாதையான்னு கூட எனக்குப் பிடிபடல.

தெய்வானைகிட்டக் குனிஞ்சு சொன்னேன். "அம்மிணி, இவன் குடிச்சிருக்கான். அடுத்த இடத்துல இறங்கிரலாம்"னேன். அவளுக்குப் பத்து வருஷமா மூக்கடைப்பு. பால் தீஞ்சு அடுப்பு கருகுனாலும் தெரியாது. என்னையே பாத்தா. "எனக்குத்தான் மூக்கு கிடையாதே. உங்களுக்கு வாடை வருதா, இல்லையா?"ன்னா. வருதுன்னேன்.

"அன்னிக்கும் வந்துச்சா?"

"அன்னிக்கு நான் ரோட்டுலயா இருந்தேன்? கேஸுக் கட்டைத்தான் பாத்தேன்."

"கேட்டீங்களா அவனை?"

 அவளுக்கு என்ற வழக்கம் தெரியும்.

"இப்பக் கேளுங்க. ரெண்டு அடியில இருக்கறான். குடிச்சியாடான்னு கேளுங்க."

வாயைத் தொறந்தேனுங்க. சத்தியமாத் தொறந்தேன். வார்த்தை வரல. இருபத்தெட்டு வருஷமாக் கேக்காத கேள்வி, அந்த நேரத்துல எப்படி வரும்? "ரேடியேட்டர் சூடாகியிருக்கும், கொஞ்சம் நிறுத்தலாமா மாதேசா?"ன்னுதான் வந்துச்சு. அவன், "அதெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க சார்"னுட்டான்.

"அப்ப எந்திரிச்சு நின்னு ஜனங்ககிட்டச் சொல்லுங்க. நாப்பது பேரு இருக்கறாங்க. பின்னால பள்ளிக்கூடப் புள்ளைங்க இருக்குது"ன்னா தெய்வானை. எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. இப்பத்தான் பஸ்ஸு முழுக்கச் சொன்னான், சார் இல்லீன்னா ஜெயில்ல இருப்பேன்னு. நான் எந்திரிச்சு இவன் குடிகாரன்னு சொன்னா, அப்ப அன்னிக்கு என்னன்னு ஒருத்தன் கேப்பானா, மாட்டானா? அந்த முட்டை யாவாரி ஊரு இங்கதானுங்க, அடிவாரத்துலதான். அவன் சொந்தக்காரங்க யாராச்சும் அதே வண்டியில இருந்தா? பயமாயிருந்துச்சு. மலையைப் பாத்தாப் பயம், ஜனங்களைப் பாத்தாப் பயம்.

இங்க வந்து யாரோ மூட்டையோட இறங்கறதுக்கு வண்டி நின்னுச்சு. "வா"ன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். கையை உதறிட்டா. "நானும் இறங்கிட்டா இவங்களுக்கு யாரு சொல்றது?"ன்னா. நான் இறங்கிட்டேன். மொதல்ல நான் இறங்குனா, அவளும் பயந்துக்கிட்டுப் பின்னாலயே வந்துருவான்னுதான் நினைச்சேன். முப்பத்தோரு வருஷமா நான் இறங்குன இடத்துலதான் அவ இறங்கியிருக்கறா. படியில கால் வச்சுத் திரும்பிப் பாக்கறேன், ஜன்னலோரமா நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறா. விசில் அடிச்சுட்டாங்க. "சார், சார், கோயிலு மேலங்க!"ன்னு மாதேசன் கத்தறான். வண்டி போயிருச்சு.

ஓடுனேன். பத்து அடி ஓடுனேன். அவ பேரைச் சொல்லிக் கூட நான் கத்தல. இப்ப நினைச்சா நெஞ்சு வலிக்குதுங்கண்ணா. பொண்டாட்டியை அந்த வண்டியில விட்டுட்டு நான் மட்டும் பொத்துனாப்புல, சத்தம் போடாம இறங்கி நிக்கறேன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, என்ற மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? "நீங்க எப்படிப்பா தப்பிச்சீங்க?"ன்னு கேப்பாளே. அவகிட்ட எந்தச் சந்தேகத்தின் பலனைப் போய்க் கேக்கறது? ஈஸ்வரா, அந்த ஏழைச் சிறுக்கி எனக்குத் திரும்பிக் கிடைச்சா போதும். இனிமே ஒரு குடிகாரன் கேஸையும் கையில தொட மாட்டேன். நீங்க சாட்சிங்கண்ணா. இந்த மலை மேல சத்தியம்.

ஃபோனுங்க! ஃபோன் அடிக்குது! எடுங்க, இல்ல, நான் எடுக்கறேன், கல்லு மேல இருந்து எடுத்தா கட்டாயிரும், குனிஞ்சே பேசறேன். ஹலோ! யாரு? மாதேசனா? அம்மா எங்கடா? அம்மாவுக்கு என்னாச்சு? நல்லாயிருக்காங்களா? எல்லாருமா? ஐயோ, சாமி. ஐயோ. சொல்லு, இரு, மூச்சு வாங்குது. என்ன? எங்க வீட்டம்மாவா? எங்க? முப்பத்தெட்டாவது வளைவிலயா? எல்லாரையும் இறக்கிட்டாங்களா? சரி. சரி. போலீஸா? ரோந்து ஜீப்பா? மெஷினைக் கொண்டாந்திருக்காங்களா? ஊதாதே! மாதேசா, நான் சொல்றதைக் கேளு, நான் வர்ற வரைக்கும் ஊதாதே. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துக்க. தண்ணி நிறையக் குடி. என்னது? காரவள்ளியிலயா? டேய், சொல்லாதே! என்கிட்ட எதையும் சொல்லாதே! உள்ளதை யாருடா கேட்டா? யாருகிட்டயும் வாயைத் தொறக்காதே. வெத்தலை இருக்குதா? போட்டுக்க. யாரு? அம்மாவா?

தெய்வானை... இல்ல, அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. பயப்படாதேன்னேன், அவ்வளவுதான். நீ நல்லாயிருக்கியா? அடி கிடி படலியே? நீ என்ன பண்ணுன? எந்திரிச்சு நின்னு சொன்னியா? நீயா? சரி... சரி... போலீஸுக்காரரு என்ன கேட்டாரு? யாருக்கு வாடை வந்துச்சுன்னா? நீ என்ன சொன்ன? என்ற பேரையா? ஏன் என்ற பேரைச் சொன்ன? எழுதிக்கிட்டாங்களா? நம்பருமா? தெய்வானை, கேளு, நீ... ஆமா. ஆமா, உனக்கு மூக்கு கிடையாது, தெரியும். ஆமா. எனக்குத்தான் வந்துச்சு. சரி. அடுத்த பஸ்ஸு. வர்றேன். சரி, வர்றேம்மா.

வச்சுட்டா.

எல்லாரும் நல்லா இருக்கறாங்கண்ணா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எந்திரிச்சு நின்னு, "இந்த ஆளு குடிச்சிருக்கறான், அர்த்தநாரி வக்கீலே சொல்லிட்டு இறங்கிட்டாரு, வண்டியை நிறுத்து"ன்னு கத்தியிருக்கறா. என்ற பேரைச் சொன்னதும் ஜனங்க நம்பிட்டாங்களாம். அத்தனை பேரும் இறங்கி ரோட்டோரமா உக்காந்திருக்கறாங்களாம். புள்ளைங்களுக்கு இவ தூக்குப் போசியில கோயிலுக்குக் கொண்டுபோன புளிசோத்தை எடுத்துக் குடுத்துட்டாளாம். கண்ணுல தண்ணி வருதுங்க, இருங்க.

ஆனா போலீஸு என்னைய சாட்சியா எழுதிக்கிட்டுதாம். ஒண்ணாவது சாட்சி. நானுங்க.

உங்களுக்குப் புரியல. கூண்டுல நான் ஏறணும். நாமக்கல்லுல எங்கிட்டத் தொழில் கத்துக்கிட்டுப் போனவங்களே நாலு பேரு தனியாப் போர்டு மாட்டியிருக்கறாங்க. மாதேசன் அதுல ஒருத்தன்கிட்டத்தான் போவான். அந்த வக்கீல் எந்திரிச்சு, "வக்கீலய்யா, நீங்க பயந்த சுபாவம்தானே?"ன்னு ஆரம்பிப்பான். "வாடையை எத்தனை அடியில நுகர்ந்தீங்க? இருமல் டானிக்கு வாடை எப்படியிருக்கும்? சந்தேகம் இருந்தா சம்சாரத்தை விட்டுட்டு இறங்குவீங்களா? அப்ப அந்தப் பழைய கேஸுல நீங்க இதே கோர்ட்டுல சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" ஒவ்வொரு கேள்வியும் நான் சொல்லிக் குடுத்ததுங்க. எங்க நிறுத்தணும்னும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். அந்தப் பக்கத்து பெஞ்சுல அந்தச் சின்னப்பொண்ணு வந்து உக்காந்திருந்தா? உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா? ஐயோ, இதுக்கு அந்த பஸ்ஸுலயே போயிருக்கலாமுங்க. அது பயமே இல்லீங்க. இதுதான் பயம்.

அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நான் உங்ககிட்ட வாடை வந்துச்சுன்னு சொன்னனுங்களா? வந்த மாதிரி இருந்துச்சுன்னுதானே சொன்னேன்? இல்லீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க. மரம் அறுக்கற சத்தத்துல உங்களுக்குச் சரியா விழுந்திருக்காது. உங்களுக்கு என்ன வயசுங்க? காது ரெண்டும் சரியாக் கேக்குமுங்களா?

கேக்குமுங்களா. நல்லாவே கேக்குமுங்களா.

குப்புன்னு வந்துச்சுன்னு சொன்னனா. சரி.

அதோ, உங்க பஸ்ஸு வருது. இந்த டிரைவர் நிதானமாத்தான் வர்றான், ஹாரன் அடிச்சுக்கிட்டே திருப்பறான் பாருங்க. பலாப்பழத்தை நான் தூக்கித் தர்றேன், நீங்க மொதல்ல ஏறுங்க. இல்லீங்க, நான் வரல. நான் அடுத்த பஸ்ஸுல வந்துக்கறேன். போங்க, போங்க, விசில் அடிக்கறான். அண்ணா, முப்பத்தெட்டாவது வளைவுல ஒரு அம்மா ரோட்டோரமா உக்காந்திருக்கும், கையில வெறும் தூக்குப் போசி வச்சிருக்கும். அது உங்ககிட்ட, கீழ எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களான்னு கேக்கும். பாக்கலைன்னு சொல்லிருங்க. அவ்வளவுதானுங்கண்ணா. இங்க யாரும் இல்லைன்னு சொல்லிருங்க.